கல்லைத் தொடும் முன் மூன்று மாதம்

கைவிடப்பட்ட கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சீர்செய்யப் போகிறோம் என்றதும் எல்லோரும் அரிவாளும் மண்வெட்டியுமாகத்தான் வந்து இறங்கினார்கள், நானும் அப்படித்தான் போனேன். முதல் நாளே இரண்டு வரிசைப் புதரை வெட்டிச் சாய்த்துவிட்டோம். மாலையில் பார்த்தால் ஒரு பளிங்குக் கல்லின் விளிம்பு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து கிடக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலும் நைலான் நரம்பு பட்டிருக்கிறது. புதருக்குள் கல் இருந்ததே வெட்டியவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ மழைக்காலத்தைத் தாங்கிய கல் அது. அன்று யாருக்கும் பேச்சே வரவில்லை, வேலையை அப்படியே நிறுத்திவிட்டோம்.

அப்புறம் மூன்று மாதம் ஒருவரும் ஒரு கல்லையும் தொடவில்லை. நிலம் யார் பேரில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து எழுத்துமூலம் அனுமதி வாங்கினோம் (இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்). வரிசை வரிசையாகக் கயிறு கட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து, கிடந்தது கிடந்தபடி படம் எடுத்து, வரைபடம் போட்டோம். சலிப்பான வேலைதான், ஆனால் விழுந்த கல் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து விழுந்து கிடக்கிறது என்பதுதான் அது யாருடையது என்பதற்குச் சாட்சி. நகர்த்திவிட்டால் போச்சு. கல்லே இல்லாத இடங்களில் தரை ஆள் நீளத்துக்கு உள்வாங்கியிருக்கும். அடியில் பெட்டி மக்கி மண் இறங்கிய பள்ளம் அது. மண் கொட்டி நிரவிவிட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்று ஒருவர் கேட்டார். நிரவியிருந்தால் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்கான கடைசி அடையாளமும் போயிருக்கும். பள்ளங்களுக்கும் எண் கொடுத்தோம்.

மங்கிய எழுத்துக்குச் சாக்பீஸ் தேய்க்கச் சொல்வார்கள், ஷேவிங் நுரை பூசச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், அது கல்லின் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நிலைக்கண்ணாடி போதும். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சின்னக் கல்லின் முன் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன், இன்னொருவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் சரிவாக விழச் செய்துகொண்டிருந்தார். ஒரு கோணத்தில் சட்டென்று எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் நிறைந்தது. முதலில் வயது தெரிந்தது, 4. பிறகு பெயரின் முதல் மூன்று எழுத்துகள். மீதி தெரியவில்லை. அதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது.

கழுவுவதைப் பற்றி எங்களுக்கு நிறைய தவறான எண்ணம் இருந்தது. தண்ணீர், மெத்தென்ற நார் பிரஷ், பாசியைச் சுரண்ட மரக்குச்சி, பெரும்பாலும் இவ்வளவுதான். முதலில் கல்லை நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு கோடாகக் கறை பிடிக்கும். பிளீச்சிங் கூடவே கூடாது, அதன் உப்பு கல்லுக்குள் தங்கி, காயும்போது படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். கம்பி பிரஷ்ஷும் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரமும் அதே வகைதான். விடாப்பிடியான பாசிக்கு டி2 என்ற திரவத்தைத் தெளித்துவிட்டுக் காத்திருந்தோம், வாரக்கணக்கில் தானாகவே வெளுத்துக்கொண்டு வந்தது. எதற்கும் முன்னால் விரல் முட்டியால் கல்லைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாகச் சத்தம் வந்தால் கல்லின் மேல் அடுக்கு உள்ளிருந்து பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தக் கல்லை அப்படியே விட்டுவிட வேண்டும்.

சாய்ந்ததை நிமிர்த்துவதில்தான் ஆபத்து. 1 மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனம் உள்ள கல்லே சுமார் 160 கிலோ வரும். கடப்பாரையால் நெம்பினால் மூலை தெறிக்கும், காலில் விழுந்தால் கால் போகும். பலகையும் அகலமான பட்டையும் வைத்து, விவரம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் செய்தோம். அந்தக் காலத்தில் யாரோ நல்ல மனதோடு சிமெண்ட் வைத்து ஒட்டிய கற்கள்தான் மிக மோசமான நிலையில் இருந்தன. சிமெண்ட் பழைய கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது, அதனால் ஒட்டு அப்படியே இருக்க அதன் பக்கத்தில் கல் உடைகிறது. சுண்ணாம்புக் காரைதான் சரி. சுற்றிப் படர்ந்த கொடியையும் பிடுங்கக் கூடாது, அடியில் அறுத்துவிட்டு, காய்ந்த பிறகு மெல்ல எடுக்க வேண்டும்.

முதல் நாள் பெயர்ந்த அந்தப் பளிங்குத் துண்டைத் துணியில் சுற்றி, எண் எழுதி, பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை ஒட்டுவது எங்கள் கைக்கு மீறிய வேலை, கல் பராமரிப்பு படித்த ஒருவருக்காகக் காத்திருக்கிறோம். அந்தச் சின்னக் கல்லுக்கு மட்டும் அடுத்த வாரம் இருட்டிய பிறகு டார்ச்சோடு போகிறோம். பக்கவாட்டு வெளிச்சம் இருட்டில் இன்னும் நன்றாக எடுபடும் என்கிறார்கள். நான்காவது எழுத்தாவது தெரிய வேண்டும்.