மெல்லுடலிகள் பாடம்: தண்ணீர் போகும் வழியைப் பிடித்துப் படித்த கதை

விலங்கியல் இளநிலை முதலாண்டில், முதுகெலும்பற்றவை தாளின் முதல் உள்தேர்வில், ‘நன்னீர் மட்டியின் உணவூட்ட முறையை விவரி’ என்று 10 மதிப்பெண் வினா ஒன்று வந்தது. ராடுலா என்னும் அராவு நாக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, பற்களின் வரிசையைப் படமும் வரைந்து வைத்தேன். கிடைத்தது 1 மதிப்பெண். அந்த ஒன்றும் படத்தின் அழகுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும், ஏனெனில் மட்டிக்கு ராடுலாவே கிடையாது. மெல்லுடலித் தொகுதியின் பொதுப் பண்புகளில் ‘ராடுலா உண்டு’ என்று உருப்போட்டிருந்த நான், இரட்டை ஓட்டு மெல்லுடலிகளின் பக்கத்தில் ‘தலையும் ராடுலாவும் இல்லை’ என்றிருந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

தவறு மறதியில் இல்லை, படித்த முறையில்தான் இருந்தது. கடையில் விற்கும் வினா விடைப் புத்தகங்களில் சுவாசம் ஒரு தலைப்பாகவும் உணவூட்டம் வேறொரு தலைப்பாகவும் இருக்கும். நானும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தேன். மட்டியைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே உறுப்பில், ஒரே நீரோட்டத்தில் நடப்பவை என்பது எனக்குப் புரிந்தது எண்ணூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான்.

முகத்துவாரத்து மட்டியை வாங்கி வந்தால் ஆயா அன்றைக்கே சமைக்க விடமாட்டார். அன்னக்கூடையில் உப்புத் தண்ணீரை ஊற்றி, மட்டியை அதில் போட்டு, இரவு முழுவதும் வைத்துவிடுவார். ‘மண்ணு கக்கட்டும்டா, நாளைக்கு ஆக்கிக்கலாம்’ என்பார். அந்தத் தேர்வுக்குப் பிறகு ஒருநாள் இரவு, கைபேசி வெளிச்சத்தில் அந்த அன்னக்கூடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகள் நூலளவு திறந்து, பின்பக்கத்தில் இரண்டு குட்டைக் குழாய்கள் எட்டிப் பார்த்தன; ஒன்றின் விளிம்பில் குஞ்சம் போன்ற சிறு நீட்சிகள் இருந்தன. அடுப்புக்கரியைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்து, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் குஞ்சம் வைத்த குழாயின் அருகில் ஒரு சொட்டு விட்டேன். கருப்பு மெல்ல இழுபட்டு உள்ளே போயிற்று. மற்றக் குழாயின் அருகில் விட்ட சொட்டோ அப்பால் தள்ளப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து, நான் எதிர்பாராத வகையில், முன்பு இழுத்துக்கொண்ட அதே குழாயின் வழியாகவே கரித்துகள் ஒட்டிய சளிக்கட்டி ஒன்றை, ஓட்டைச் சட்டென்று மூடித் திறந்து, அது வெளியே துப்பியது.

இந்தக் காட்சியை அப்படியே விடையாக எழுதலாம். உள்ளிழுக்கும் சைஃபன், அதாவது அந்தக் குஞ்சம் வைத்த குழாய் வழியாக, ஓட்டுக்கு உட்புறம் உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற மடிப்பின் அறைக்குள் நீர் வருகிறது. உடலின் இருபுறமும் தகடுகளாகத் தொங்கும் செவுள்களின் இழைகளில் குற்றிழைகள் எனப்படும் அசையும் நுண்மயிர்கள் மூன்று வகை இருக்கின்றன. பக்கவாட்டுக் குற்றிழைகள் துடுப்புப் போலடித்து நீரோட்டத்தையே உண்டாக்குகின்றன. அவற்றை அடுத்து முன்புறம் தள்ளியிருப்பவை சல்லடை போல நின்று பாசித் துகள்களைத் தடுக்கின்றன. முகப்பில் இருப்பவை, தடுக்கப்பட்ட துகள்களைச் சளியில் சேர்த்து உணவுப் பள்ளத்துக்கு நகர்த்துகின்றன. நீர் இழைகளுக்கிடையே கடந்து மேலே செல்லும்போது அதிலுள்ள ஆக்சிஜன் செவுளின் இரத்தத்தில் கலக்கிறது. பிறகு அந்த நீர் வெளியேற்றும் சைஃபன் வழியாகப் போய்விடுகிறது. சேர்ந்த துகள்களை வாயருகே உள்ள உதட்டு மடல்கள் தரம் பிரிக்கின்றன. உண்ணத் தக்கது வாய்க்குள் போகிறது; தகாதது சளியோடு உருண்டு, செரிமானப் பாதையைத் தொடாமலே, வந்த வழியே வெளியேறுகிறது. இதற்குப் ‘பொய் மலம்’ என்று பெயர். நான் பார்த்த கரிக்கட்டி அதுதான். ஆயா சொல்லும் ‘மண்ணு கக்குவதில்’ ஒரு பங்கும் அதுதான். இந்த ஒரு சொல்லை விடையில் எழுதுபவர்கள் குறைவு. எழுதினால் திருத்துபவரின் கண்ணில் படும் என்பது என் அனுபவம்.

இரைப்பையில் படிகத் தண்டு என்ற ஒளி ஊடுருவும் கோல் சுழன்றுகொண்டே உணவுச் சளியைக் கயிறு போல இழுத்துச் சுற்றுகிறது. அதன் முனை தேய்ந்து கரையும்போது மாவுப்பொருளைச் செரிக்கும் நொதி வெளிப்படுகிறது. படம் வரையும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

‘செவுள் ஏன் இவ்வளவு பெரிது?’ என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் தடுமாற வேண்டாம். சுவாசத்துக்கு மட்டும் என்றால் அவ்வளவு பரப்புத் தேவையில்லை. ஆக்சிஜனுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு நீரை உணவுக்காக அது வடிகட்டுகிறது. மட்டியைப் போலவே இரட்டை ஓடு கொண்ட ஆளி, வளர்ந்தது ஒன்று, வெப்பநிலை ஏற்றதாக இருந்தால், மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டும். அதனால் கடந்து போகும் நீரிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஒரு சிறு பங்குதான். ஒரே ஓட்டத்தில் இரண்டும் நடப்பதால் நின்றால் இரண்டும் நிற்கும்: நீர் வற்றும் நேரத்தில் பாறையில் ஒட்டியிருக்கும் பச்சை ஆளி ஓட்டை இறுக மூடிக்கொண்டு, உண்ணாமல், ஆக்சிஜன் இல்லாத வளர்சிதை மாற்றத்தில் காலம் தள்ளுகிறது. சூழலியல் வினா வந்தால் இங்கிருந்தே எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்விடலாம். சாம்பலும் எண்ணெயும் கலந்த நீரையும் அதே செவுள்தான் வடிகட்ட வேண்டும், உலோகங்கள் சதையில் சேர்வதும் அந்த வழியில்தான்.

தண்ணீரின் வழியைப் பிடித்தபின் இத்தொகுதியின் மற்ற வகுப்புகள் எளிதாயின. வயல்களிலும் குளங்களிலும் கிடைக்கும் ஆப்பிள் நத்தையான பைலாவுக்குச் செவுளும் நுரையீரல் பையும் இரண்டுமே உண்டு. நீர் இடது கழுத்து மடல் வழியாக நுழைந்து, நீரின் தன்மையைச் சோதிக்கும் ஆஸ்ஃப்ரேடியத்தைத் தொட்டு, எபிடீனியா என்ற வரம்பைத் தாண்டி, வலப்புறச் செவுளறையில் செவுளைத் தழுவி, வலது மடல் வழியாக வெளியேறுகிறது. காற்றைச் சுவாசிக்க வேண்டுமானால் அதே இடது மடல் நீண்ட குழாயாகி நீர்ப்பரப்புக்கு மேலே நீள்கிறது. இடம் வலம் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பது இந்த விடையில்தான் மிகுதி. நான் ‘இடது நுழைவு’ என்று கைக்கடிகாரம் கட்டும் கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பைலா நீர்த்தாவரங்களை ராடுலாவால் அராவித் தின்கிறது. செவுளுக்கும் உணவுக்கும் இங்கே தொடர்பில்லை. மட்டியோடு ஒப்பிடச் சொன்னால் இந்த ஒரு வேறுபாட்டை முதலில் எழுதுங்கள்.

கடம்பாவை (ஸ்க்விட்) காசிமேட்டில் வாங்கி வந்து வீட்டில் நறுக்கும்போதே படித்துவிடலாம். வயிற்றுப் பக்கம் மேன்டிலைக் கீறித் திறந்தால், இருபுறமும் இறகு போல இரண்டு செவுள்கள் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செவுள் இதயம், நடுவில் பொது இதயம், ஆக மூன்று. இதன் செவுளில் நீரை ஓட்டும் குற்றிழைகள் கிடையாது. மேன்டில் தசை விரிந்து நீரை இழுக்கிறது, சுருங்கிப் புனல் வழியாகப் பீய்ச்சுகிறது. மூச்சும் பாய்ச்சலும் அந்த ஒரே சுருக்கத்தில் நடந்துவிடுகின்றன. இரையைப் பிடிக்க எட்டுக் கரங்களும் இரண்டு நீண்ட உணர்கரங்களும், கடிக்கக் கிளிமூக்கு போன்ற அலகும், அதற்குள் ராடுலாவும் உண்டு. உணவுக்குழல் மூளையின் நடுவே செல்வதால் இரையைச் சிறு துண்டாகக் கடித்தே விழுங்க வேண்டும். இரத்தத்தில் இருப்பது தாமிரம் கொண்ட ஹீமோசயனின். ஆக்சிஜன் சேர்ந்தால் நீலமாகும்.

நீட் எழுதும் தம்பி தங்கைகளுக்கு இவ்வளவு ஆழம் வேண்டியதில்லை. உயிரியலில் வரும் 90 வினாக்களில் இந்தத் தொகுதியிலிருந்து வருவதே அரிது. வந்தால் பெரும்பாலும் பெயர்ப் பொறியாக இருக்கும். ஆங்கிலப் பெயரில் ‘மீன்’ என்று முடியும் கணவாயும் (கட்டில்ஃபிஷ்) ஆக்டோபஸும் (டெவில்ஃபிஷ்) இத்தொகுதி, நட்சத்திர மீனும் ஜெல்லி மீனும் அல்ல. செவுளுக்குச் சுவாசத்தோடு கழிவுநீக்கமும் வேலை என்ற பாடநூல் வரியையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பருவத் தேர்வில் ‘இரட்டை ஓட்டு மெல்லுடலியின் செவுள்’ என்றே வினா வந்தது. முதலில் ஓட்டின் வெளிக்கோட்டைப் போட்டேன். பிறகு நீருக்கு நீலத்திலும் உணவுத் துகளுக்குப் பென்சிலிலும் அம்புக்குறிகள் இட்டு, உறுப்புகளின் பெயர்களை அம்புகள் கடந்து போகும் வரிசையிலேயே எழுதினேன். பொய் மலத்துக்கான அம்பை, நீலத்துக்கு எதிர்த்திசையில், உள்ளிழுக்கும் சைஃபனுக்கு வெளியே இழுத்து முடித்தபோது இன்னும் இருபது நிமிடம் மீதி இருந்தது.