வெளிநாட்டுக் காசு வருது, வேளாண்மை ஏன் கடனில ஓடுது?

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் காசு மாதாமாதம் வரும். வயலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. மட்டக்களப்பில் பெரும்போகத்தில், அதாவது மழைக்கால நெற்செய்கையில், உழவு, விதைநெல், அடிக்கட்டுப் பசளை, களைநாசினி, முதல் யூரியா எல்லாம் ஒக்டோபர், நவம்பரில் ஒன்றாக வந்து நிற்கும். அதற்கு முன்பு வந்த காசு வீட்டுச் சுவராகியிருக்கும். பிறகென்ன, பசளைக் கடைக் கடன்தான்! வெட்டிய கையோடு ஈர நெல்லை வாங்குகிறவர் சொன்ன விலைக்குக் கொடுத்துத்தான் அதை அடைக்க முடியும்.

ஆள் வெளியே போனதால் வரும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாற்று நட ஆளில்லை, வீச்சு விதைப்புத்தான். ஏக்கருக்கு 2 புசல், அதாவது 42 கிலோ அளவு, போதும். களை பிடுங்க ஆளில்லை என்ற பயத்தில் 3, 4 புசல் எறிகிறார்கள். பயிர் நெருங்கி நோய் பிடிக்கும், மார்கழி மழையில் சாயும். மேடும் பள்ளமுமான வயலில் மேட்டில் தண்ணீர் நிற்காது. களை அங்கேதான் கிளம்பும். முளைத்த களைக்கு மருந்தடிப்பதென்றால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும், இலையில் மருந்து படாவிட்டால் காசு வாய்க்காலோடு போகும்.

களைநெல் இதைவிட மோசம். அதுவும் நெல்லினம் என்பதால், வளர்ந்தபின் அதை மட்டும் சாகடிக்கிற மருந்தில்லை. வெட்டு மிசின் ஒரு வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) இன்னொரு வட்டைக்கு அதைக் காவி வரும். மிசினைத் துப்புரவாக்கிய பிறகே வரம்பேற விடுங்கள். முதல் உழவுக்குப் பிறகு இரண்டு கிழமை விட்டு, முளைத்ததை மறு உழவில் புரட்டுங்கள்.

மூன்று ஏக்கருக்கு லீசிங்கில் உழவு மிசின் எடுப்பது வீண், வருடத்தில் பாதி நாள் முற்றத்தில்தான் நிற்கும். காணி வாங்குவதும் அப்படித்தான்: வெளிநாட்டுக் காசு காணி விலையை ஏற்ற, குத்தகைக்குச் செய்கிறவன் தலையில் அது விழுகிறது. அந்தக் காசில் வயலை மட்டப்படுத்தலாம். இரண்டு படங்கும் (தார்ப்பாய்) காயவைக்க ஒரு சீமெந்துத் தளமும் இருந்தால், ஈரப்பதனை 14 வீதத்துக்கு இறக்கி, விலை ஏறும்வரை நெல்லை வைத்திருக்கலாம்.

விதைப்புக் காசை வீட்டுச் செலவுக் கணக்கோடு கலக்காமல் ஆவணியிலிருந்தே தனி வங்கிப் புத்தகத்தில் போடுங்கள், வயலைப் பார்க்கிறவர் பெயரிலேயே. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு உன்னிச்சைக் குளமோ நவகிரிக் குளமோ, தண்ணீர் திறக்கும் திகதி பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகும். காசு நேரத்துக்கு வந்துசேர, அன்றைக்கே அதை வெளிநாட்டில் இருப்பவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.