ஒற்றிக்கு வீடு எடுக்கும் முன்: பத்திரத்தில் ஒரு வரி

"மேற்படி தொகைக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை." நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எழுதப்படும் ஒற்றிச் சீட்டுகளில் இந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும். இது இருந்தால், மேலே "வாடகை ஒப்பந்தம்" என்று தலைப்பு போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அடமானம்தான். கொடுத்த பணத்துக்கு வட்டி கிடையாது, அதற்குப் பதிலாக வீட்டை அனுபவித்துக்கொள்ளலாம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் இதைச் சுவாதீன அடமானம் என்கிறது.

பாட்டம் வேறு. தென்னந்தோப்பையோ வாழை போடும் வயலையோ பாட்டத்துக்கு எடுத்தால் கொடுத்த தொகை திரும்பாது. ஒற்றிப் பணம் முழுசாகத் திரும்ப வேண்டும்.

சிக்கல் எழுதும் விதத்தில் வருகிறது. சின்னத் தொகை முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி சீல் வாங்கி, "11 மாதம்" என்று போட்டுவிடுவார்கள். 11 மாதக் கணக்கு, ஓராண்டுக்குக் குறைவான குத்தகைக்காக வந்தது. ஒற்றிக்கு அது உதவாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானம் என்றால் 59-ஆம் பிரிவின்படி பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யணும். நோட்டரி சீல் பதிவுக்கு ஈடாகாது. எத்தனை சிவப்பு முத்திரை குத்தினாலும் ஆகாது.

பதியாத ஒற்றி, சொத்தின் மேலுள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டுக்காரர் அதே வீட்டை விற்றாலும் வாங்குபவருக்குத் தெரியாது. உங்கள் கையில் மிஞ்சுவது சாதாரணக் கடன் வழக்கு. அதற்கும் 3 ஆண்டுக் கெடு உண்டு.

பணம் கொடுக்கும் முன் மூலப் பிரமாணத்தை, அதாவது வீட்டின் அசல் பத்திரத்தை, கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோ காப்பி மட்டும் நீட்டினால், அசல் வங்கியில் இருக்கலாம். வங்கிக் கடன் முந்தியது என்றால் ஒற்றிக்காரர் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் தவணை தவறினால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வரும் நோட்டீஸ் உங்கள் கதவில்தான் ஒட்டப்படும். அடுத்தது வில்லங்கச் சான்று, 30 வருடத்துக்கு. பழைய சர்வே எண்ணுக்கும் மறு அளவையில் வந்த ரீசர்வே எண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு "வில்லங்கம் இல்லை" என்று நம்பி ஏமாறுவது இங்கே சாதாரணம்.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய பிரமாணங்கள் பல மலையாளத்தில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய அந்த எண்ணோடு 825 கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824. 1100 சிங்க மாதம் (ஆவணி) என்றால் 1924 ஆகஸ்ட். அந்தக் காலத்து ஒற்றி ஏதாவது மீட்கப்படாமல் கிடக்கிறதா என்று பார்க்கணும். "30 வருடம் கழிந்தால் ஒற்றி வாங்கினவனுக்கே சொந்தம்" என்று ஊரில் சொல்வார்கள். சுவாதீன அடமானத்தில் வெறும் காலம் கடந்ததால் மீட்கும் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் பணமும் சாவியும் ஒரே நேரத்தில் கைமாறட்டும். பதிவு செய்த ஒற்றி என்றால் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்லும் ரசீதுப் பத்திரத்தை வீட்டுக்காரர் அன்றே குடியிருந்தவரிடம் எழுதி வாங்கிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த ஒற்றி அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து விற்கப் போகையில், குடியிருந்தவரைத் தேடிக் கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும்.