காணிக்காரனும் குத்தகைக்காரனும் ஒரே ஆளா?

இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றில், எங்கள் வட்டையின் (வயல்வெளியின்) கமக்காரர் சங்கத்துக்கு ஒரு தரவுத்தளம் செய்து தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். யாருடைய காணி, இந்தப் பெரும்போகத்துக்கு அதை யார் குத்தகைக்கு எடுத்தது, எத்தனை ஏக்கர். ஒரு பின்னேரத்தில் படம் கீறி முடித்தேன். மேலே ‘குத்தகைக்காரர்’, அதற்குக் கீழே ‘ஆள்’, ‘சங்கம்’ என்று இரண்டு பெட்டிகள்; கீழே இருப்பது மேலே இருப்பதன் ஒரு வகை என்று அர்த்தம். ஆளும் எடுக்கலாம், சங்கமும் எடுக்கலாம்தானே.

அதையே ஒன்டோயுஎம்எல்லில் (யுஎம்எல் என்ற வரைபட மொழியோடு, எது எந்த வகைப் பொருள் என்ற தத்துவ விதிகளையும் சேர்த்த மொழி) எழுதி, விசுவல் பரடைம் என்ற வரைகருவிக்கான அதன் பிளக்-இன்னில் சரிபார்த்தேன். பிழை என்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் விளங்கியது. ஆள் சாகும்வரை ஆள்தான். குத்தகைக்காரர் என்பது ஒரு போகத்துக்கு ஏற்கும் பாத்திரம், சூடடித்து நெல் அளந்ததும் கழன்றுவிடும். என் படமோ, பிறக்கும் ஒவ்வொருவரும் குத்தகைக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தது! வெறும் யுஎம்எல் வரைகருவி இதைக் கண்டுபிடிக்காது, அதற்குப் பெட்டியும் கோடும்தான் தெரியும். மாறாத வகையை மாறும் வகைக்குக் கீழே வைக்கக்கூடாது என்ற விதியெல்லாம் ஒன்டோயுஎம்எல்லுக்குள், ஜன்கார்லோ குய்சார்டி 2005இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் ஆய்விலிருந்து வந்தவை. அந்தத் தத்துவத்தைக் கருவிக்குள் கொண்டுவந்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

சரி, திருத்தினேன். ‘குத்தகை’ தனிப் பெட்டியானது. ஏக்கருக்கு எத்தனை மூடை, எந்தப் போகம் என்பதெல்லாம் அதற்குள் போனது.

அப்புறம் மென்தோர் எடிட்டர், ஒன்டோயுஎம்எல்லுக்கான இன்னொரு கருவி. நான் கீறிய வரைபடத்தை அது அலாய் என்ற தர்க்கமொழிக்கு மாற்றி, அந்த வரைபடத்தின்படி நடக்கக்கூடிய நிலைமைகளை ஒவ்வொன்றாகப் படமாக வரைந்து காட்டும். மூன்றாவது படத்தில் ஒரே ஆள், ஒரே குத்தகையில், காணிக்காரனாகவும் குத்தகைக்காரனாகவும் நின்றான். தன் காணியைத் தானே குத்தகைக்கு எடுப்பானா? தடுத்து ஒரு விதி எழுதப் போனேன். பக்கத்தில் மாமா இருந்தார், முன்பு வட்டையின் வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையாக இருந்தவர்.

“ஏன் மகன் நடக்காது? நாலு சகோதரம், பிரிக்காத காணி. மூத்தவன் முழுக்கச் செய்து மற்ற மூன்று பேருக்கும் நெல் அளக்கிறான். அவன் ரெண்டும்தானே?”

விதியை மாற்றினேன்: காணி தனியொருவருடையது என்றால் கூடாது, கூட்டுக்காணி என்றால் கூடும்.

அடுத்த படத்தில் ஒரே காணிக்கு ஒரே போகத்தில் இரண்டு குத்தகைகள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.