கூலன்ட் மாத்தினீங்களா, அப்ப காத்தையும் வெளிய எடுங்க

கனடாவோட வடக்கு ஒன்டாரியோல பனி விழ ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் ஸ்நோமொபைல, அதான் பனி மேல ஓடற வண்டிய, வெளிய எடுத்து, இன்ஜின் சூட்ட தணிக்கற கூலன்ட் மாத்தற நேரம். நிறைய பேர் பாட்டில்ல கோடு வரைக்கும் ஊத்திட்டு மூடிய போட்டுட்டு கெளம்பிடறாங்க, அத பாக்கறப்ப எனக்கு மனசு அடிச்சுக்குது. பாட்டில் நிறைஞ்சிருந்தா உள்ள எல்லா எடமும் நிறைஞ்சிருக்கும்னு நம்பாதீங்க.

கார்ல இன்ஜினுக்கு முன்னாடியே ரேடியேட்டர் இருக்கு, ஓட வேண்டிய தூரம் கம்மி. பெரும்பாலான ஸ்லெட்ல (ஸ்நோமொபைல தான் அப்படி சொல்வோம்) அப்படி இல்ல, இன்ஜின்ல சூடான கூலன்ட் ஹோஸ் வழியா சீட்டுக்கு அடியில டனல்ல (ட்ராக்குக்கு மேல மூடியிருக்கற பாகம்) இருக்கற அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு (சூட்ட வெளிய விடற பாகம்) போகுது, சில மாடல்ல பின்னாடி ஸ்நோ ஃப்ளாப் (பனி தெறிக்காம தடுக்கற மறைப்பு) கிட்ட வரைக்கும் போயிட்டு திரும்பி வருது, ட்ராக் (வண்டிய தள்ளற ரப்பர் பெல்ட்) வாரி அடிக்கற பனி அது மேல பட்டு உருகறப்ப தான் சூடு எறங்குது. இவ்ளோ நீளமா, கிட்டத்தட்ட படுத்த மாதிரி போற குழாய்ல காத்து எங்க வேணா மாட்டிக்கும். ரசமட்டத்துல இருக்கற குமிழ் மாதிரி தான், எந்தப் பக்கம் உசந்திருக்கோ அங்க போய் உக்காந்துக்கும்.

அது அங்க இருந்தா என்னங்கறீங்களா? பம்ப்பால தண்ணிய தள்ள முடியும், காத்த தள்ள முடியாது, ஓட்டம் கொறையும், சில சமயம் சுத்தமா நின்னுடும். சிலிண்டர் ஹெட்ல (சிலிண்டர் மேல இருக்கற மூடி) காத்து நின்னா அந்த எடத்துல மட்டும் கூலன்ட் படாது, அங்க ஆவியாகி இன்னும் சூடேறும், சென்சார் காத்துல மாட்டியிருந்தா மீட்டர் உண்மைய காட்டவே காட்டாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டர்ல ஒரசி சீஸ் ஆகறதுக்கு, அதாவது இறுகி நின்னு போறதுக்கு, இது போதும்.

டெம்பரேச்சர் திடீர்னு ஏறி திடீர்னு எறங்குதா, கொளகொளன்னு சத்தம் வருதா, இன்ஜின் கொதிக்குது ஆனா டனல் ஜில்லுன்னு இருக்கா, முதல்ல காத்த சந்தேகப்படுங்க.

காத்த எடுக்கற வேலை பொறுமையா செஞ்சா சுலபம். இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும், சூட்டுல மூடிய தொடவே கூடாது. நிறைய மாடல்ல தெர்மோஸ்டாட் (சூடானா தெறக்கற வால்வு) ஹவுசிங்லயோ ஹெட்லயோ காத்த வெளிய விடறதுக்கு ஒரு ப்ளீட் ஸ்க்ரூ இருக்கும், அது தான் உசந்த எடமா வரணும், அதுக்காக பெரும்பாலும் முன்பக்கத்த தூக்கி ஸ்டாண்ட்ல வெப்பாங்க, ஆனா சிலதுல பின்பக்கத்தையும் தூக்க சொல்லுவாங்க, அதனால உங்க மாடலோட மேனுவல ஒரு தடவ பாத்துடுங்க. ஸ்க்ரூவ தளர்த்திட்டு மெதுவா ஊத்துங்க, ஹோஸ கையால அமுக்கி அமுக்கி விடுங்க, குமிழ் இல்லாம ஒரே சீரா கூலன்ட் வந்ததும் மூடுங்க. அளவா டைட் பண்ணுங்க, அலுமினியத்துல த்ரெட் போயிடுச்சுன்னா பெரிய செலவு.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சு தான் பலரும் விட்டுடறாங்க. இன்ஜின் சூடாகி தெர்மோஸ்டாட் தெறக்கற வரைக்கும் பின்னாடி எக்ஸ்சேஞ்சர் பக்கம் பெருசா எதுவும் ஓடாது, அங்க இருக்கற காத்து அப்படியே தான் இருக்கும். அதனால ஸ்டார்ட் பண்ணி சூடேத்தணும், ரேஸ் பண்ணாதீங்க, ட்ராக்குக்கு பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. நின்ன எடத்துல ஓடறப்ப பனி படாது இல்லையா, அதனால ரொம்ப நேரம் விடாம, ஆஃப் பண்ணிட்டு எக்ஸ்சேஞ்சர தொட்டுப் பாருங்க, முன்னாடியும் பின்னாடியும் வெதுவெதுப்பு வந்திருக்கணும். ஆறினதும் பாட்டில்ல லெவல் எறங்கியிருக்கும், ஊத்திட்டு திரும்பவும் ப்ளீட் பண்ணுங்க. முதல் ரைடு முடிச்சு ஆறினப்புறமும் லெவல பாருங்க.

ஊத்தறது பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்டு வாட்டரும், இது -37 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும். தண்ணியே கலக்காத கிளைக்கால் -13 கிட்டயே உறைஞ்சுடும், அதனால கெட்டியா ஊத்தினா நல்லதுன்னு நெனைக்காதீங்க. கீழ சிந்தினத ஒடனே தொடைங்க, இனிப்பா இருக்கறதால நாய் நக்கிடும், அது உயிருக்கே ஆபத்து.

எவ்ளோ எடுத்தாலும் குமிழ் நிக்காம வந்துட்டே இருந்தா அது மிச்சக் காத்து இல்ல, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கசியாம அடைக்கற தகடு) போய் எரிஞ்ச கேஸ் உள்ள கலக்குதான்னு செக் பண்ணணும். அதே மாதிரி பனியே இல்லாத ஏரி ஐஸ் மேல மட்டும் சூடாகி, தூள் பனியில போனதும் சரியாகுதுன்னா ப்ளீட் ஸ்க்ரூ பக்கமே போகாதீங்க, எக்ஸ்சேஞ்சர் மேல பனி படல அவ்ளோ தான், ஐஸ் ஸ்க்ராட்சர் (ஐஸ கீறி தூளாக்கற கம்பி) எறக்கி விடுங்க.