ஆடிக் காற்றும் அக்காள் மகனும்

21 ஜூலை 2024, ஞாயிறு, பணகுடி

விடிந்ததிலிருந்து காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற ஆடிக் காற்றுக்கு ஈடு ஏது? கொடியில் கிடந்த வேட்டி முருங்கை மரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது.

அக்காள் வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் மகன் விமானத்திலிருந்து குதிக்கப் பழகி, 60 தடவை குதித்தும்விட்டான். "தம்பி, குடை விரியாமல் போய்விட்டால்?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகுப் பையில் இரண்டாவது குடையும் இருக்கிறது என்றேன். பாதி ஆறுதலோடு போனாள்.

என் கவலை வேறு. இப்போதுள்ள 210 சதுர அடிக் குடையை விற்றுவிட்டு, ஓரங்கள் குறுகிய 150 சதுர அடி நீள்வட்டக் குடை வாங்கப் போகிறானாம். நன்றாக விரிந்த குடையின் கீழே கால் ஒடிந்தவன் நான்.

23 ஜூலை, செவ்வாய்

ராணுவத்தில் நாங்கள் குதித்தது வட்டக் குடை. ஆக்ராவில் ஐந்து குதிப்பு முடித்து, சிறகுச் சின்னத்தை மார்பில் குத்திக்கொண்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வட்டக் குடை காற்றைத் தடுத்து நம்மை மெல்ல இறக்கும், அவ்வளவுதான். காற்று போகிற பக்கம் போகும். நொடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் தரை வரும். ஆறடி மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம். அதனால்தான் இரண்டு காலையும் ஒட்டிவைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் பட்டதும் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று உருளப் பழக்கினார்கள். பின்னொரு நாள் தரைக்காற்று வாரிக்கொண்டு போனபோது வலது காலை மட்டும் நீட்டித் தரையைத் தேடினேன். கணுக்கால் முறிந்தது. தப்பு என்னுடையதே.

1797-இல் பாரிஸில் பலூனிலிருந்து இறங்கிய கார்னெரினின் குடைக்கு உச்சியில் துளை கிடையாது. அடைபட்ட காற்று இந்த ஓரமும் அந்த ஓரமுமாகப் பீறிட, அவர் நின்ற கூடை ஊஞ்சலாக ஆடித் தீர்த்தது. அடைபட்ட காற்றை மேலே விடும் உச்சித் துளை அதற்குப் பிறகுதான் வந்தது.

27 ஜூலை, சனி

மாடியில் துணி எடுக்கப் போனேன். தலையணை உறையின் வாயைக் காற்றுக்கு நேராகப் பிடித்ததும் விறைத்துக்கொண்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, விட்டதும் எழும்பியது. இப்படிப்பட்ட உறைகளை அடுத்தடுத்து வைத்துத் தைத்ததுதான் அக்காள் மகன் குதிக்கிற சதுரக் குடை. பட்டம் செய்வதில் கைதேர்ந்த டொமினா ஜால்பர்ட் 1966-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முன்வாயில் புகுந்த காற்று துணியை இறக்கையாக நிறுத்திவிடுகிறது. ஓரடி இறங்குவதற்குள் இரண்டு மூன்றடி முன்னே பறக்கும். தரை நெருங்கும்போது இரு கைப்பிடிகளையும் ஒருசேர இழுத்தால் பின்னோரம் தாழும். இறங்குகிற வேகமும் ஓடுகிற வேகமும் அடங்கும். படியிறங்குவதுபோலக் காலை ஊன்றலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

28 ஜூலை, ஞாயிறு இரவு

அவனோடு ஒரு மணி நேரம் பேசினேன்.

"சின்னக் குடை துடிப்பாகப் பறக்கும், மாமா."

"மாப்பிள்ளை! குடை, உடுப்பு எல்லாம் சேர்த்து உன் எடை 90 கிலோ. 200 பவுண்டு என்று வை. இப்போது சதுர அடிக்கு ஒரு பவுண்டு கூட இல்லை. 150-க்குப் போனால் 1.3. எல்லா வேகமும் கூடும்."

அதைவிட எனக்குப் பயம் திருப்பத்தில்தான். ஓரம் குறுகிய குடை சிறிய இழுப்புக்கே சட்டென்று திரும்பும். திரும்பும்போது சாய்ந்து உயரத்தை விழுங்கும். 2,000 அடியில் அது ஆனந்தம். 100 அடியில் மின்கம்பியைக் கண்டு பதறி ஒரு பக்கம் இழுத்தால், குடை நிமிர்வதற்குள் தரை வந்துவிடும். தேர்ந்த கைகளே இப்படி மாண்டிருக்கின்றன, தலைக்கு மேலே பழுதில்லாத குடை விரிந்திருக்க. காற்றுக்கு முகம்கொடுத்து இறங்குவது நல்லது. அதற்கு நேரம் தவறிவிட்டால் பக்கக்காற்றிலேயே நேராக இறங்கி உருண்டுவிடு என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

"190 பார்க்கட்டுமா, மாமா?"

"உன் பயிற்சியாளரைக் கேள். சதுரக் குடையில் நான் குதித்ததில்லை."

4 ஆகஸ்ட், ஆடி அமாவாசை

குறுக்குத்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்புகையில் பஸ்ஸில் வீடியோ வந்தது. 210 குடைதான், இந்த வருடம் மாற்றப் போவதில்லையாம். பக்கத்தில் அக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். குடை விரிந்ததும் "விரிந்துவிட்டது" என்று சொல்லிக் கண்ணைத் திறந்து, பையிலிருந்த பூவை எடுத்துத் தொடுக்கத் தொடங்கினாள். நான் அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். கடைசித் திருப்பம் நல்ல உயரத்திலேயே முடிந்தது. அதன்பின் நூல் பிடித்தாற்போல நேர்கோடு. கைகள் இரண்டும் ஒன்றாக இறங்கின. இரண்டு எட்டு நடந்து நின்றான்.