எங்கள் கணக்கு டீச்சர்

கணக்கு டீச்சர் பாடம் எடுத்தால், பக்கத்து அறையில் தமிழ் நடத்தும் எனக்குத்தான் திண்டாட்டம். என் பிள்ளைகளின் காது பூராவும் அங்கேதான் இருக்கும்.

ஏழாம் வகுப்புக்கு வட்டத்தின் சுற்றளவு என்றால், எடுத்த எடுப்பில் சூத்திரத்தை எழுதிப்போட மாட்டார். வளையல், டப்பா மூடி, சைக்கிள் டயர் என்று கிடைத்த வட்டத்தையெல்லாம் கொண்டுவரச் சொல்வார். நூலைச் சுற்றி அளந்து, விட்டத்தால் வகுக்க வேண்டும். 3.1 வரும், 3.2 வரும், எவனுக்காவது 3.6கூட வரும். அதையும் பலகையில் எழுதுவார், அழிக்க மாட்டார். "நூல் எங்க தொய்ஞ்சுதுன்னு பாருப்பா" என்பார், அவ்வளவுதான். டயரோ வளையலோ, எல்லாமே மூன்றுக்குச் சற்று மேலே நிற்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். அப்புறம்தான் 22/7. அதுவும் பை (π) என்கிற அந்த விகிதத்தின் துல்லியமான மதிப்பல்ல, நெருங்கி வரும் பின்னம் என்று சொல்லிவிடுவார். பல பேர் அதைச் சொல்வதே இல்லை.

இத்தனை வருடப் பழக்கத்தில் சாப்பாட்டு வேளையில் என்னிடம் வெண்பா கற்றுக்கொள்கிறார். "மத்த அடிக்கெல்லாம் நாலு சீர், கடைசி அடிக்கு மட்டும் ஏன் டீச்சர் மூணு?" என்று கேட்டார். "இலக்கணம் அப்படி" என்றேன். விடுவாரா? நாளைக்கும் கேட்பார்.